கடைக்காரன் அனுப்பிய மாடு

லாரியின் பின்பலகையைத் திறந்தும் மாடு இறங்க மறுத்தது. நாலு பேர் வாலை முறுக்கினார்கள். எங்கள் தெருவே வேலியோரம் கூடிவிட்டது. எல்லாரும் சாவு வீட்டுக்கு உதவ வந்தவர்கள்தான், ஒருவர் கையிலும்தான் வேலை இல்லை.

முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்த நொம்வூசோ கத்தியோடு வந்தாள். மறுநாள் காலை அவள் தங்கை லிண்டெல்வாவை அடக்கம் செய்ய வேண்டும்.

"யாரு மாடு மாமா இது?"

உம்சிமாசி மாமா தொப்பியைச் சரிசெய்தார். "கடையிலேருந்து அனுப்பியிருக்காங்கம்மா. அவ வேலை பார்த்த கடை. ஒரு மரியாதைக்கு."

"வேலை பார்த்த கடையா, விரட்டின கடையா?"

லிண்டெல்வா அங்கே கல்லாவில் இருந்தவள். பூம்லா என்ற பெண்ணை அவள் சட்டப்படி மணந்த செய்தி எட்டியதும், 'வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்' என்றார் மேலாளர். பாவாடை கட்டினால் கல்லா, இல்லையென்றால் வாசல். அவள் கால்சட்டையோடு வாசலைத் தாண்டி நேரே சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனாள். விசாரணைக்கு முன் ஆஸ்துமா முந்திக்கொண்டது. வீட்டார் விடாமல் நின்றால் வழக்கு தொடரும் என்று வழக்கறிஞர் நேற்றுதான் சொல்லியிருந்தார்.

தென்னாப்பிரிக்க ஷோசா இனத்தவரான எங்கள் வழக்கப்படி, தப்பு செய்தவன் கொண்டுவந்த மாட்டை அறுத்துத் தின்றுவிட்டால் சண்டை தீர்ந்தது. பிறகு வாய் திறக்கக் கூடாது. வெள்ளைக்கார மேலாளருக்கு இது எப்படித் தெரிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மாமாவின் புது ஷூவைத்தான் பார்த்தோம்.

"நாளைக்கு அடக்கத்துல அந்த மேனேஜர் பேசவும் வர்றானா?"

"ரெண்டே வார்த்தை... 'எங்க அருமை ஊழியர்'னு..."

"அருமையாம்! மூச்சு இருந்தப்போ அவளை ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டு ஆள விட்டுச் சிரிச்சவன்."

"மாட்டை விட்டா ஊருக்கு என்னத்தப் போடுவே? வெறும் கோஸா? சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். இவங்களுக்குப் புதுசா என்ன?"

வேலியோரம் நாங்கள் அவரவர் செருப்பைக் கவனித்தோம்.

அதற்குள் மாடு தானாகவே குதித்து இறங்கியது. நொம்வூசோ கயிற்றைப் பறித்தாள். மாமா குறுக்கே வந்தார். அவள் கையில் கத்தி இருப்பது ஞாபகம் வந்து விலகினார். சமையல்கட்டிலிருந்து பூம்லா வந்தாள், லிண்டெல்வாவின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு. வேலியிலிருந்து குச்சி ஒன்றைப் பிடுங்கி மாட்டின் பின்னால் நடந்தாள்.

கடைவீதி வரைக்கும் மாடு இழுத்தது, நொம்வூசோவும் கயிற்றை விடவில்லை. உதவ வந்த நாங்களும் பின்னாலேயே போனோம், வேடிக்கை பார்க்க. கடை வாசலில் தள்ளுவண்டிகளோடு சேர்த்து மாட்டைக் கட்டினாள்.

காவலாளி பதறினான். "அக்கா, இங்க கட்டக் கூடாதுக்கா!"

"உன் முதலாளி மாடுதான். நாங்க தின்னலன்னு சொல்லு. கோர்ட்டுல பார்க்கலாம்னு சொல்லு."

மறுநாள் மேலாளர் வரவில்லை. கல்லறையிலிருந்து திரும்பி, வழக்கப்படி வாசல் தொட்டியில் கை கழுவிவிட்டு, இடித்த சோளமும் பீன்ஸும் கோஸும் சாப்பிட்டோம். கறி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாகக் கை கழுவியவள் நொம்வூசோ. கயிறு உரித்த உள்ளங்கை தண்ணீர் பட்டதும் எரிந்தது. பூம்லா துண்டை நீட்டினாள். நொம்வூசோ கையை எடுக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே விரல்களை மடக்கிப் பார்த்தாள்.