தேவையில்லாத பேச்சு

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் திருச்சபை நம்மிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம், தவக்காலம் முடிந்து பாஸ்கா காலத்தில் நற்கருணை. அவ்வளவுதான். நான் இதில் எதையும் குறைத்ததில்லை, ஒரு பிடி கூட்டியதும் இல்லை. அறுபதைத் தாண்டினால் ஒருசந்தி கடமையில்லை என்றார்கள், அன்றைக்கே விட்டுவிட்டேன்.

என் மனைவி அப்படி இல்லை. கேட்காததையெல்லாம் செய்வாள். செருப்பில்லாமல் சிலுவைப்பாதைக்குப் போவாள். வருஷத்துக்கு ஏதாவது ஒன்றை விடுவாள். அவள் பக்தி அவளுக்கு என்று நானும் இருந்துவிடுவேன். இந்த வருஷம் சாம்பல் புதன் சாயங்காலம், நெற்றியில் பூசிய சாம்பலோடு வந்து நின்று, "இந்தத் தவக்காலத்துல தேவையில்லாத பேச்சை விட்டுடறேங்க" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வாயைத் திறந்தால் மூடாத மனுஷி, வெள்ளிக்கிழமையைத் தாண்டமாட்டாள் என்று நினைத்தேன்.

தாண்டிவிட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் வேலை. எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த வார்டுக்கு எந்த லிஃப்ட் என்று நாள் முழுக்க போனில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது பிழைப்பு, அதனால் தேவையான பேச்சு. வெளியூரில் இருக்கும் மகளோடு பேசுவது தாயின் கடமை, அதுவும் தேவை. மாடி வீட்டு அக்கா கணவரை இழந்தவர், அவருக்கு ஆறுதல் சொல்வது இரக்கச் செயல். ஜெபத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நின்றது நான் ஒருவன்தான்.

கோபம் வந்தது, மறைப்பானேன். கோபத்தைவிடப் பயம் அதிகம் வந்தது. ஏனென்றால் வீட்டில் ஒரு வேலையும் நிற்கவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், இருப்பது கண்ணுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. சாவி ஆணியில் தொங்கும். பட்டன் அறுந்த சட்டை பட்டனோடு திரும்பி வரும். இத்தனை வருஷம் பேசிப் பேசி நடத்திய குடும்பம் பேச்சே இல்லாமல் ஒழுங்காக ஓடியது.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். கோயில் தண்ணீர் மோட்டார் பட்டறைக்கு வந்திருந்தது. அதைத் திருப்பி மாட்டப் போன சாக்கில் பங்குச் சாமியாரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். திருச்சபை கேட்டதையெல்லாம் அவள் செய்துவிட்டாள், இது அவளாக எடுத்துக்கொண்டது, உடம்பைக் கெடுக்காதவரை வேண்டாம் என்று தடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார்.

"அப்போ புருஷன்கூடப் பேசறது கட்டாயம் இல்லையா சாமி?"

சாமியார் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கட்டளைகளில் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்றார். என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும் போல, வாசல்வரை கூடவே வந்து ஒரு வழி சொன்னார். ஞாயிறு ஆண்டவரின் நாள். விருப்பப்பட்டு எடுத்த தவத்தை அன்றைக்குத் தளர்த்திக்கொள்ளலாம்.

கேஸ் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். அவளும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள், பேசச் சொன்னாள்.

வாரம் முழுக்க மனசில் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கோயில் மோட்டாரில் பேரிங் தேய்ந்திருந்ததைச் சொன்னேன். அப்படியா என்றாள். மகளைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றாள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறுக்குப் பட்டறையிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போனேன். மகள் பிறந்த அன்றைக்குப் பெய்த மழை, முதல் வாடகை வீட்டில் சாத்த முடியாத கதவு, இப்படி. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நான் தடுமாறி நின்றதும், "வேற ஏதாவது தெரியணுமா?" என்றாள். ஆஸ்பத்திரியில் போனை வைக்கும் முன் சொல்வது அது. பழக்கத்தில் வந்துவிட்டது, அவளுக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் ஞாயிறு கேட்கவில்லை. உயிர்ப்புத் திருநாள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் ஆண்டவர் உயிர்த்தெழக் காத்திருந்தது, நான் இவள் வாய் திறக்கக் காத்திருந்தேன். பெரிய வெள்ளியன்று கடமை இல்லாவிட்டாலும் ஒருவேளைதான் சாப்பிட்டேன். யாரும் கேட்காததைச் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மிஞ்சிய சோற்றை அவள் பார்த்தாள், மூடி வைத்துவிட்டுப் போனாள்.

திருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் மாடி வீட்டு அக்காவோடு கலகலவென்று பேசிச் சிரித்தாள். நான் ஓரமாக நின்றேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. தவக்காலம்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் பழையபடி பேசுவாயா என்று கேட்டேன்.

உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ தப்புப் பண்ணியவள் மாதிரி இருந்தாள்.

"பேசறேங்க, அதுக்கென்ன. ஆனா இந்த வருஷத் தவம் பலிக்கலை. போன வருஷம் காபியை விட்டேன், ஒரு வாரம் தலைவலி தாங்கலை. அதுக்கு முந்தி தலையணை இல்லாம படுத்தேன், கழுத்து பிடிச்சுக்கிச்சு. எதை விட்டா வலிக்குமோ அதைத்தானே ஆண்டவருக்குக் கொடுக்கணும்? எல்லாத்தையும்விட இதுதான் வலிக்கும்னு நெனச்சு எடுத்தேன்." தலை முக்காட்டை எடுத்து மடித்தாள். "வலிக்கும் வலிக்கும்னு பெரிய வெள்ளி வரைக்கும் பார்த்தேன். ஒண்ணுமே தெரியலைங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்தது ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்ற வருத்தம். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். அழுகிறவளிடம் என்ன சொல்வது? அடுத்த வருஷம் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தேற்றினேன்.