நூறு வந்த வருஷம்

வாசல் கரும்பலகையில் 'பத்தாம் வகுப்புத் தேர்ச்சி நூறு சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத் தமிழாசிரியர் எட்ட நின்று அழகு பார்த்தார். மிட்டாய் டப்பா கைமாறிக்கொண்டிருந்தது. எல்லோரும் தலைமை ஆசிரியையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவரும் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். அது கரையாமல் கன்னத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

அந்தப் பள்ளிக்கு ஊர் வைத்த பெயர் தர்மாஸ்பத்திரி. ஒரு காலத்தில் நூற்பாலையின் பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம். ஆலை மூடியதும், வேறு எங்கும் இடம் கிடைக்காத தங்கள் பிள்ளைகளுக்காக அதன் தொழிலாளிகளே சேர்ந்து ஆரம்பித்த பள்ளி. மூட்டை வண்டி நுழைய வைத்த அகலக் கதவுகளை இன்னும் யாரும் மாற்றவில்லை. ஃபெயிலானவர்கள், அடிதடியில் வெளியேற்றப்பட்டவர்கள், பாதியில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். "யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க, பொழைக்கிறது அவனவன் சாமர்த்தியம்" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். தலைமை ஆசிரியையும் வேறொரு பள்ளியில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி அங்கே வந்து சேர்ந்தவர்தான்.

தேர்ச்சி நூறு சதவீதம் வராவிட்டால் பத்தாம் வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று கல்வித்துறை மேலிடம் போன வருஷம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆசிரியர்கள் ராப்பகலாக உழைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் எப்படியோ கரையேறுகிற நிலைக்கு வந்தார்கள், சலவைக்காரம்மாவின் மகளைத் தவிர. படித்துக் காட்டினால் எல்லாம் புரியும் அவளுக்கு. எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி விழும். பரீட்சைக்கு முன்பு தலைமை ஆசிரியை அவள் அம்மாவைக் கூப்பிட்டு, பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுத் தனித்தேர்வராக எழுதவைக்கலாம் என்று பக்குவமாகச் சொன்னார்.

"அவ நல்லதுக்குத்தானே டீச்சர் சொல்றீங்க?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"ஆமாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்று மிட்டாயைக் கரையவிடவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சலவைக்கடை இருந்த சந்துக்குள் திரும்பினார். கடை வாசலில் இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. மகள்தான் மேசையருகே நின்றாள். தனித்தேர்வெல்லாம் எழுதவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று. கைமுட்டிக்குக் கீழே தீக்காயம் ஒன்று பழுத்திருந்தது.

அம்மா அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "நூறு வந்துருச்சாமே டீச்சர். கஸ்டமர் சொன்னாங்க. கேட்டதும் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்." குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டது.

உட்காராமலே சொன்னார். "இவள மறுபடி அனுப்புங்கம்மா. நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கறேன். அன்னைக்கி நான் சொன்னது இவ நல்லதுக்கு இல்ல. ஸ்கூலுக்காகச் சொன்னேன்."

அம்மா ஸ்டூலை இன்னொரு முறை துடைத்தாள். மகளைப் பார்த்தாள். மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் வந்தா நூறு வராதே டீச்சர்."

அவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "வராதுதான். வராட்டி போகுது, நீ வா."

"அப்ப பத்தாவத எடுத்துருவாங்கள்ல? மத்தவங்கல்லாம் எங்க போவாங்க?"

இதற்கான பதிலைத்தான் அவர் வருஷம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.  அந்தப் பெண் அடுத்த சட்டையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளித் தெளித்தாள். துளிகள் துணியில் திட்டுத்திட்டாகப் பரவின. அவை காய்வதற்குள் பெட்டியை எடுக்க வேண்டும். அவள் கை பெட்டியின் பிடிமேல் இருந்தது, டீச்சரைப் பார்த்தபடி இன்னும் தூக்கவில்லை.