மாதர் சங்கம் பாண்டிக்குப் போன நாள்

பஸ்ஸின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று ஃபீபி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுபடியும் குறைந்தது. கையில் போன் அதிர்ந்தது. ஆம்பூரிலிருந்து அவள் புருஷன் ரெனால்ட்.

"குழி வெட்ற ஆளுங்க செவுரு ஏறிக் குதிச்சிட்டாங்க. அது நடந்துரும். ஆனா கேட்டு சாவி கிறிஸ்துராஜ் அண்ணன்கிட்ட இருக்குது. அம்மா செவுரு ஏறிக் குதிப்பாங்களா?"

"பூட்டை உடைங்க."

"கல்லறைப் பூட்டை உடைச்சு அம்மாவை உள்ள கொண்டு போனேன்னு நாளைக்கு ஊரு பேசணுமா? நீ எல்லாரையும் கூட்டிட்டு வா முதல்ல."

கூட்டிக்கொண்டு வருவதாம். ஆட்டு மந்தையாக இருந்தால்கூட ஓட்டிவிடலாம். பாண்டிச்சேரியில் இறக்கிவிட்ட ஒரு மாதர் சங்கத்தை யாரால் ஓட்ட முடியும்? பாதிப் பேர் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கடற்கரையில்.

காலையில் ஆம்பூர் வீட்டில் டீ தம்ளரைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்த இன்பம், பிறகு நிமிரவில்லை. ஃபீபியின் மாமியார், இந்தச் சங்கத்தின் தலைவி. இந்தச் சுற்றுலாவையே அவள்தான் ஏற்பாடு செய்தாள். பஸ் பிடித்தது அவள், யார் ஜன்னலோரம் என்று பஞ்சாயத்து பண்ணியது அவள். கடைசி நேரத்தில் முட்டி வலி என்று சொல்லி, மருமகளின் விடுமுறையில் கைவைத்து, தன் இடத்தில் அவளை ஏற்றி அனுப்பியதும் அவள்தான். ஜெபம் பண்ணப் பாஸ்டர், பாடப் பாட்டுக்குழு, பெண்களைக் குளிப்பாட்டி உடுத்த ஜெனிஃபா, கல்லறைச் சாவி வைத்திருக்கும் சர்ச் வாட்ச்மேன் கிறிஸ்துராஜ் என்று ஒரு சாவுக்கு வேண்டிய அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி நாலரை மணி நேரத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு செத்துப்போயிருந்தாள். வருஷத்தில் வேறு நாளே கிடைக்கவில்லையா அத்தை என்று கேட்க வேண்டும்போல் ஃபீபிக்கு வாய் துடித்தது.

நாளைக்கு எடுக்கலாம் என்றால், இந்த மே மாத வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் முடியாது. ஈஸ்டர் கழிந்து ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று இன்பம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "என்னை அந்தப் பொட்டியில போட்டு, கண்ணாடி வழியா ஆளாளுக்கு எட்டிப் பாக்க வைக்கக் கூடாது. நான் இன்னா கடையில வச்ச கேக்கா? அவன் மறந்துருவான். நீ சொல்லு." ஃபீபியும் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அப்போதைக்கு சாப்பாடு முடிந்தால் போதும் என்றிருந்தது.

விஷயம் பாஸ்டருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம், "அத்தைக்கு சீரியஸ், உடனே கிளம்பணும்" என்றுதான் சொல்லியிருந்தாள். செத்துவிட்டாள் என்றால் அடக்கம் முடிகிறவரை ஒருத்தியும் சோற்றைத் தொடமாட்டாள். எல்லோரும் இருட்டோடு கிளம்பி வந்தவர்கள், பாதிக்குப் பாதி சர்க்கரைக்காரர்கள். வெளியூர் பிரியாணியை நம்பாமல் ஆம்பூரிலிருந்தே அண்டாவோடு கொண்டுவந்த பிரியாணி பஸ்ஸின் பின்பக்கம் மணந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் கிறிஸ்துராஜ் தென்பட்டார். தேவைக்கு மேல் நேராக நடந்து வந்தார்.

"எங்கண்ணா போயிருந்தீங்க?"

"தலைவலி மாத்திரை வாங்கம்மா." கிராம்பு வாசனை அடித்தது. பாஸ்டர் கடல் இருந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாவி இருக்குதா?"

"கல்லறைச் சாவியா? இடுப்புலயே இருக்குது. எதுக்கு?"

"எதுக்கோ. ஏறுங்க."

கிறிஸ்துராஜ் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். புதிதாக வாங்கிய வெயில் தொப்பியைக் கழற்றி, நான்காக மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

இன்னும் ஜெனிஃபா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. டிரைவர் சுந்தரமூர்த்தி ஹாரன் அடித்து அடித்து, போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, ஒரு பையை மார்போடு அணைத்தபடி வியர்க்க விறுவிறுக்க வந்தாள்.

"நாங்க இங்க நெருப்புல நிக்கிறோம், உங்களுக்கு ஷாப்பிங் கேக்குதாக்கா?"

ஐம்பது வயதுக்காரி, இரண்டு தெருவுக்குக் கேட்கிற தொண்டை உடையவள், பதில் பேசாமல் ஏறிப் பின்சீட்டுக்குப் போனாள்.

புறவழிச்சாலையில் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்திப் பிரியாணியைப் பரிமாறினார்கள். உப்பு கம்மி என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ஜாஸ்தி கறி விழுந்தது என்று யாரும் சண்டை போடவில்லை. எல்லோரும் குனிந்த தலையோடு மென்றார்கள். சீக்கிரம் முடிந்தால் சரி என்றுதான் ஃபீபிக்குத் தோன்றியது. யாரோ அவள் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார்கள். வேண்டாம் என்று சொல்லப் பொறுமையில்லாமல், நின்றபடியே தின்று முடித்தாள்.

திண்டிவனத்தில் கல்யாண ஊர்வலம். செஞ்சியில் டீசல். சுந்தரமூர்த்தி ஒவ்வொரு வேகத்தடைக்கும் மரியாதை செய்து ஓட்டினார். ஆரணி நெருங்கும்போது ரெனால்ட் கூப்பிட்டான்.

"பெரியப்பா ஐஸ் பொட்டியை வரவழைச்சிட்டாரு. பக்கத்து வூட்டு அஜீஸுன்னிசா அக்கா வாசப்படியில உக்காந்துகிட்டு உள்ள விடமாட்டேங்குறாங்க. மருமவகிட்ட அம்மா ஏதோ சொல்லி வச்சிருக்காங்களாம், அவ வந்து சொல்லட்டும்னு. ஒரே பேஜாரா இருக்குது."

ஃபீபி வாயைக் கையால் மூடிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். "வைக்காதீங்க. ஃபேன் போட்டு, ஈரத்துணி மாத்திக்கிட்டே இருங்க. வெளிச்சம் இருக்கும்போதே வந்துருவோம். நான் அத்தைகிட்ட சரின்னு சொல்லியிருக்கேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பஸ்ஸில் பேச்சே இல்லை. காலையில் ஆளுக்கு ஒரு முழம் வைத்துக்கொண்டு வந்த மல்லிகைச் சரங்கள் ஒரு தலையிலும் இல்லை. சீட்டுக் கம்பிகளில் தொங்கின.

பின்னாலிருந்து ஜெனிஃபா கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் திறந்தாள். வெள்ளைக் கையுறை, வெள்ளை சாக்ஸ், ஒரு சுருள் லேஸ்.

"மூணு கடை ஏறி எறங்கினேன். மட்டமானதைப் போட்டா இன்பம் அக்கா எழுந்து உக்காந்து திட்டும்."

ஃபீபி லேஸைப் பார்த்தாள். "எப்பக்கா தெரியும்?"

"நீ சீரியஸ்னு சொன்னப்பவே. உசுரோட இருந்தா எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லியிருப்பியே."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வாயே தொறக்கல?"

"தொறந்திருந்தா நீ சாப்ட்டிருப்பியா?" ஜெனிஃபா பையை மூடினாள். "காலையிலிருந்து கத்திக்கிட்டே இருக்குற. ராத்திரி வரைக்கும் தாங்க வேணாமா?"

ஃபீபிக்குச் சட்டென்று எல்லார் மேலும் கோபம் வந்தது. பொய் சொல்லிக் காப்பாற்றுவதாக அவள் நினைத்திருக்க, பஸ் முழுக்கச் சேர்ந்து அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டில் யாரோ தாழ்ந்த குரலில் ஒரு பாட்டைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டு வாசலில் பெட்டி நின்றது. அஜீஸுன்னிசாவும் முக்காட்டை இழுத்துவிட்டபடி படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபீபியைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டாள். "திருப்பி அனுப்புங்க" என்று ஃபீபி பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வந்து நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு வேன்காரனைக் கூப்பிட்டார்.

ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். சேலையை மாற்ற நேரமில்லை. வந்த கோலத்தோடு கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹாலில் போட்ட பெஞ்சைச் சுற்றி நின்று, குளிப்பாட்டித் துவட்டி உடுத்தினார்கள். கிறிஸ்துராஜ் முன்னால் ஓடி கேட்டைத் திறந்து வைத்தார். கடைசி ஆள் மண் போட்டபோது மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

எல்லோரும் போன பிறகு ஃபீபி துடைப்பத்தை எடுத்தாள். பிணம் இருக்கும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்று அதுவரை யாரும் தொடவிடவில்லை. பெஞ்சை ரெனால்ட் வெளியே கொண்டுபோயிருந்தான். விளக்கைப் போட்டாள்.

சிமெண்டுத் தரையில் மணல். பெண்களின் பாதங்களிலிருந்தும் ஈரமான சேலைக் கரைகளிலிருந்தும் உதிர்ந்த மெல்லிய கடல் மணல். அவர்கள் நின்ற இடமெல்லாம் படிந்திருந்தது. பெஞ்சு கிடந்த இடம் மட்டும், ஒரு ஆள் நீளத்துக்கு, நடுவில் சுத்தமாக இருந்தது.

அதை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கினாள். பிறகு துடைப்பத்தோடு போய், சமையலறையை முதலில் கூட்டத் தொடங்கினாள்.