ஊசலுக்குப் பின்னால் ஒட்டிய காகிதம்

வேப்பனப்பள்ளி மாந்தோப்புத் தீர்த்தகிரிக்கு அமெரிக்காக் கடிகாரப் பைத்தியம். பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு என்ன சொல்வது? சுவரில் மாட்டும் பெரிய கடிகாரம் என்றால் மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அலமாரித் தட்டில் வைக்கிற குட்டிக் கடிகாரம்தான் வேண்டும். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் உயரம். மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, கதவின் கீழ்ப்பாதியில் பூவோ பறவையோ வரைந்த சித்திரம். வெள்ளைக்காரர்கள் பெங்களூரைக் காலி செய்து போனபோது இந்தச் சாமான்கள் எல்லாம் பட்லர் வீட்டுக்கும் பழைய சாமான் கடைக்கும் சிதறிப்போயின. ஐம்பத்தொன்றாம் வருஷத்துக்குள் பதின்மூன்று கடிகாரம் சேர்த்துவிட்டார்.

"பதிமூணு மணி சத்தத்துல பச்சப்புள்ளகூடத் தூங்காது. நல்ல வேளை, நம்ம வூட்டுல புள்ள இல்ல" என்பாள் அவர் மனைவி வெங்கடம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவருக்குச் சுருக்கென்று இருக்கும். எழுந்துபோய் எதற்காவது சாவி கொடுப்பார்.

பெங்களூர்க் கடைக்கார பாய் ஒருவர் அவருக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். பெட்டிக்குள்ளே, ஊசலுக்குப் பின்னால், செய்தவன் அச்சடித்து ஒட்டிய இங்கிலீஷ் காகிதம் இருக்கும். அது கிழியாமல், கறையில்லாமல் இருந்தால்தான் கடிகாரத்துக்கு மதிப்பு. காகிதம் போனால் பெட்டி வெறும் பலகை. இந்தப் பேச்சு தீர்த்தகிரியின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

பதினாலாவது கடிகாரத்தைக் குந்தாரப்பள்ளியில் பார்த்தார். சந்தைக்குப் போனவர் ரோட்டோர டீக்கடையில் ஒதுங்கினார். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், புகை படிந்து, இரண்டு பக்கமும் கூர் வைத்த கோபுர முகப்போடு அது உட்கார்ந்திருந்தது. அத்தனை சின்னதை அவர் அதுவரை கண்டதே இல்லை. ஓடவில்லை. டீ ஆறிப்போனது.

கடை நாராயணம்மாளுடையது. அவள் புருஷன் முனிவேல் பெங்களூரில் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தவன். துரை சீமைக்குப் போகும்போது அன்பாகக் கொடுத்த கடிகாரம் அது. துரை போனதும் ஊரோடு வந்தவன், நாற்பத்தொன்பதில் காய்ச்சலில் போய்விட்டான். மிஞ்சியது மனைவியும் முனிலட்சுமி என்று ஒரு மகளும்.

தீர்த்தகிரி பேச்சில் கெட்டிக்காரர். "ஓடாத கடியாரத்த வெச்சு இன்னாம்மா பண்ணப்போற? பஸ்ஸுக்கு நிக்கற ஜனம் மணி பாக்க உள்ள வரணும். வந்தா ஒரு டீ குடிப்பாங்க. பெரிய சுவர்க் கடியாரம் ஒண்ணு தரேன். அடிச்சா சந்தை முழுக்கக் கேக்கும்."

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டு, "சரிங்ணா. ஆனா உள்ள கடிதாசில அவரு பென்சில்ல எழுதி வெச்சிருக்காரு. எனக்குப் படிக்கத் தெரியாது. அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள்.

தீர்த்தகிரி அவளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு கதவைத் திறந்தார். அச்சுக் காகிதம் ஒரு மூலைகூடக் கிழியாமல் இருந்தது. ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரி. ஒரு பையன் பெயர், தேதி, மணி. கீழே முனிலட்சுமி, தேதி, மணி. படித்துச் சொன்னால் அவள் காகிதத்தையே கேட்பாள். உரித்தால் கடிகாரம் போச்சு. உரிக்காவிட்டால் அவள் கொடுக்க மாட்டாள்.

"கரையான் அரிச்சிருக்கும்மா. ஒண்ணும் தெரியல."

அவ்வளவுதான். ஒரே ஒரு பொய். அந்தப் பாவி மனுஷன் வாயில் அது எத்தனை சுலபமாக வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவள் "போனா போவுது விடுங்ணா" என்று முந்தானையால் கடிகாரத்தைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு வரி அவர் கண்ணை உறுத்தியது. ரப்பரை எடுத்தார். அப்புறம் பாய் சொன்ன பக்குவப்படி ரொட்டித் துண்டை உருட்டி உருட்டி, அச்சு கலையாமல், ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார். வெங்கடம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு எழுத்துங்க அது?" என்று கேட்டாள்.

"சமையக்காரன் கிறுக்கல்" என்றார்.

அதற்குப் பிறகு சந்தைக்குப் போனால் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. தான் கொடுத்த சுவர்க் கடிகாரம் அடிப்பது மாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கேட்டதும் விறுவிறுவென்று வேறு பக்கம் நடப்பார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை வேளையில் நாராயணம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. முனிலட்சுமிக்குக் கல்யாணம். வெங்கடம்மாள் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள்.

"அண்ணா, உங்களால ஒரு காரியம் ஆகணும். அந்தக் கடியாரத்த இன்னொரு தரம் வெளிச்சத்துல தொறந்து பாருங்க. ஒரு எழுத்து ரெண்டு எழுத்து தெரிஞ்சாக்கூடப் போதும்."

"இப்ப எதுக்கும்மா அது?" என்றார் அவர்.

பந்தக்கால் நடுவதற்கு முந்தின நாள், வீட்டில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் புதுத்துணி வைத்துப் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். பேர் சொல்லாவிட்டால் வர மாட்டார்கள். முனிலட்சுமிக்கு முன்னால் நாராயணம்மாளுக்கு ஒரு பையன் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டான். பேர் வைக்கிற நாள் வரவில்லை.

"அவரு மட்டும் மனசுக்குள்ள ஒரு பேரு வெச்சு, கடியாரம் வந்தப்புறம் அந்தக் கடிதாசில எழுதிட்டாரு. எனக்குக் கேக்க தெம்பில்லீங்ணா. அவரு உசுரோட இருந்த வரைக்கும் கேக்கல. இப்ப தங்கச்சிக்குக் கல்யாணம். அவனையும் கூப்பிடணும் இல்லீங்களா?"

தீர்த்தகிரி கடிகாரத்தை எடுத்து வந்து வைத்தார். கதவைத் திறந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். காகிதம் பளிச்சென்று இருந்தது. ஒரு பொத்தல் கிடையாது. அவள் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதானே இருந்துச்சு. கரையான் எங்கீங்ணா?"

வெங்கடம்மாள் புருஷனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கரையான் இல்லம்மா" என்றார் தீர்த்தகிரி. "நான்தான். நான்தான் அழிச்சேன். கடியாரத்து மேல ஆசப்பட்டு உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு, வெள்ளத்தில் போகிறவனுக்குக் கொம்பு கிடைத்த மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "ஆனா படிச்சேன்மா! எனக்கு ஞாபகம் இருக்கு. பையன் ஆடி மாசம் எட்டாந்தேதி, விடியக்கால நாலு பதினேழு. நாலு பதினேழுதான், சத்தியமா!"

நாராயணம்மாள் காகிதத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"நேரம் எனக்குத் தெரியுங்ணா. நான்தானே பெத்தேன். பேரு இன்னான்னு எழுதியிருந்துச்சு?"

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். பதினாலு கடிகாரத்தையும் செய்த கம்பெனிப் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எது எத்தனை நாளைக்கு எத்தனை நிமிஷம் பின்வாங்கும் என்று சொல்வார். அந்தப் பேர் வரவில்லை. எண்ணில் நின்ற கண் பேரில் நிற்கவே இல்லை. கண்ணை மூடிப் பார்த்தார். நாலு பதினேழு, நாலு பதினேழு என்றுதான் வந்தது.

"கடியாரத்த எடுத்துனு போம்மா" என்றார் கடைசியில்.

"அது எதுக்குங்ணா இனிமே?" அவள் வெற்றிலை பாக்கை வெங்கடம்மாளிடம் கொடுத்தாள். "நீங்க வந்துடுங்க அண்ணி" என்று அவளை மட்டும் அழைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த பத்து நாளும் தீர்த்தகிரி அந்தக் காகிதத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பென்சில் அழுந்திய தடம் எங்காவது இருக்காதா? இல்லை. அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார்.

படையலுக்கு வெங்கடம்மாள் மட்டும் போனாள். திரும்பி வந்தவள் புடவைகூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டாளா?" என்றார் அவர்.

"எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா. மாமனாரு, மாமியா, புருஷன். கடைசியா கைக்குழந்த சட்டை ஒண்ணு வெச்சா. அப்புறம், 'உங்கப்பன் வெச்ச பேரு உனக்குத் தெரியும் இல்லடா, நீயா வந்துடு'ன்னா."