ஆனியா, தையா

சேலத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் குலுங்கி மல்லசமுத்திரம் வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, மறுநாளே களி கேட்டார். மாதக்கணக்காக எதைத் தின்றாலும் வாந்தி எடுத்த மனுஷன், களியை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு ஏப்பமும் விட்டார். "பாத்தியா, கட்டியை எடுத்ததும் சோறு எறங்குது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

கட்டியை எடுக்கவே இல்லை. டாக்டர் என்னையும் என் அண்ணன் மயில்சாமியையும் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இரைப்பையில் இருப்பது புற்றாம். திறந்து பார்த்தால் ஈரல் முழுக்கப் பரவிக் கிடந்ததாம். இனி அறுத்துப் பிரயோசனமில்லை, சோறு இறங்க மட்டும் குடலை இரைப்பையோடு சேர்த்து ஒரு மாற்றுவழி வைத்துத் தைத்துவிட்டேன், ஆவணியைப் பார்த்தால் அதிசயம் என்றார். அப்போது வைகாசி. "மாப்பிள்ளைகிட்ட மூச்சு உடாதே அம்மிணி. கேட்டா அன்னிக்கே உசுரு போயிரும்" என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்குகிறவருக்கு என்ன, சுமக்கிறவள் நான்தானே.

மகள் அத்தாயிக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். ஆனியோ தையோ உங்கள் சௌகரியம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். இவர் தை என்று ஒரே பிடி.

"ஆனியிலயே முடிச்சுப்போடலாமுங்க" என்றேன்.

"எதுக்கு இப்படிப் பறக்கறே? தையில ஒடம்பு தேறீரும். நானே நின்னு பந்தி விசாரிக்கோணும்."

தையில் நான் எங்கே நிற்பேன்? தாலி அறுத்தவள் பெற்ற மகளின் மணவறைப் பக்கம்கூட வரக்கூடாது. என் அத்தை அப்படி அடுப்படியில் உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். பத்து மாதம் சுமந்தவளுக்கு இடமில்லை என்று எவன் எழுதி வைத்தானோ, அவன் வாயில் மண் விழ!

தினமும் சண்டை. கடைசியில் இவர், "மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார். எங்கள் பக்கம் எந்த இழுபறிக்கும் அதுதான் தீர்ப்பு. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே இலையில் மடித்து ஆத்தாள் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் நினைத்ததை நடத்தலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆனியில் கல்யாணம் வைக்கலாமா என்பது கேள்வி. பொட்டலம் மடிக்கிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன். ஆத்தாளும் பொம்பளைதானே, அவளுக்குப் புரியாதா?

பூசாரி எடுத்தார். வெள்ளை. "அப்பறமென்னுங்க, ஆனியிலயே வையுங்க" என்று கற்பூரம் எடுக்க உள்ளே போனார்.

இவர் குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூசாரி திரும்புவதற்குள் அதை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

சத்தியமாவது ஒன்றாவது. "கட்டியை எடுக்கலீங்க. ஈரலுக்குப் பரவீருச்சாம். ஆவணியைப் பாத்தா அதிசயம்னாருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

வெகுநேரம் அவர் வயிற்றுத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "சம்பந்தி ஊட்டுக்கு இன்னிக்கே ஆள் அனுப்போணும்" என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அத்தாயிக்குத் தாலி ஏர்றப்ப நீ நல்லா மஞ்சப் பூசிட்டு முன்னால வந்து நில்லு, அம்மிணி. நான் எங்கயாச்சும் சாஞ்சு உக்காந்து உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கறேன்."