பிசிர் இல்லாத சக்கரம்

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தில் பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களிலும் தெத்சுரோவின் பெயர் தனியாகத் தெரியும். குட்டி டாங்கிகளின் சக்கரங்களில் அவர் பூசும் சேறு அப்படி. காய்ந்தது, ஈரமானது, புல் ஒட்டியது என்று நகத்தளவு இடத்தில் ஒரு வயலையே கொண்டுவந்துவிடுவார்.

மே மாதக் கண்காட்சிக்கு எதைக் கட்டலாம் என்று பார்க்க அவர் கடைக்குக் கிளம்பியபோது மனைவி சுமியேவும் கூடவே கிளம்பினாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை.

தெத்சுரோவின் கை பெரிய ஜெர்மன் டாங்கிப் பெட்டியை நோக்கிப் போனது. சுமியே வேறொரு பெட்டியை எடுத்து நீட்டினாள். ஜப்பான் தற்காப்புப் படையின் அறுபத்தொன்றாம் வகை டாங்கி; போன வாரம்தான் விற்பனைக்கு வந்திருந்தது.

"இதைக் கட்டுங்களேன்."

"இதையா? சண்டைக்கே போகாத வண்டி இது."

கடைக்காரர் மொச்சிசுகி சிரித்தார். "அண்ணி முதல் தடவையா வாயைத் திறந்து கேக்குறாங்க. பேசாம வாங்கிட்டுப் போங்க, இல்லேன்னா ராத்திரி சோறு கிடைக்காது."

வீட்டுக்கு வந்ததும் தெத்சுரோ நோட்டை விரித்துத் திட்டம் எழுதினார். "சக்கரம் இருபத்துநாலு. பிசிர் சுரண்ட ரெண்டு நாள்..."

"அந்த ரெண்டு நாளை அடிச்சிடுங்க."

"உனக்கென்ன தெரியும்? அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல கோடு விழாம இருக்குமா?"

"தடவித்தான் பாருங்களேன்."

நகத்தால் தடவினார். விளக்கடியில் பிடித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஏழாவது சக்கரத்தோடு அதைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரோ நல்ல கைக்காரன் அச்சைப் பொருத்தியிருக்கான்."

"கைக்காரி," என்றாள் சுமியே.

பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சுகளைச் செய்யும் பட்டறையில் அவளுக்கு அதுதான் வேலை. எஃகுப் பாதிகளை மசி தடவிச் சேர்த்து, மசி பட்ட மேட்டைக் கல்லால் தேய்த்து, மறுபடி சேர்த்து, நான்கு மாதம் அந்தச் சக்கரங்களோடு கிடந்தாள். பெட்டி கடைக்கு வரும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது பட்டறைக் கட்டுப்பாடு.

"தோள் வலின்னு தைலம் தேய்க்கச் சொன்னியே, அது இதுக்கா?"

"இதுக்குத்தான்."

தெத்சுரோ நோட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு வரியை அடித்தார். "சேறு வேண்டாம். அணிவகுப்புக்குப் போற வண்டியா கட்டுவோம். கழுவித் தொடைச்ச சக்கரம்."

"உங்க சேத்தைப் பாக்கத்தானேங்க ஜனங்க வர்றாங்க?"

"அதை அடுத்த வருஷம் பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மாடல் கட்டுகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் அவர் திட்டத்தை வாசித்ததும் சிரிப்பு எழுந்தது. எதிலும் குறை கண்டுபிடிக்கும் ஷிமாதா கேட்டார்: "என்னய்யா, ஊர்ல மண்ணு தீர்ந்துபோச்சா?"

தெத்சுரோ ஒரு சக்கரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஷிமாதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுரண்டிட்டுத்தானே கொண்டுவந்தே?"

"பெட்டியில இருந்தபடியே இருக்கு. என் வீட்டுக்காரி பொருத்தின அச்சு."

ஷிமாதா எழுந்தார். கணவரோடு வந்து கதவோரம் நின்றிருந்த சுமியேவுக்குத் தன் நாற்காலியையே கொண்டுபோய்ப் போட்டார். "உக்காருங்கம்மா. எந்தக் கல்லால தேய்ச்சீங்க?"

சுமியே உட்கார்ந்தாள். சுற்றிலும் கூடிவிட்டார்கள். தேநீர் ஆறிப்போவதைக்கூடப் பார்க்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள்.