நண்டின் இடது கொடுக்கு

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து வரும் சத்தத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். குளவி கூடு கட்டுகிறது என்றார் கீழ்வீட்டுக்காரர். மிக்ஸியில் கல்லைப் போட்டு அரைக்கிறாள் என்றாள் அவர் மனைவி. அந்த அம்மாள் சொன்னதில்தான் உண்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பல்செட்டுக்காரி கல்லைத்தான் அரைத்துக்கொண்டிருந்தாள். அரைத்து அரைத்து உள்ளேயிருந்து நண்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பல்செட்டுக்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். பொய்ப்பல் செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. இந்தத் தெருவில் பாதிப்பேர் வாய் திறந்து சிரிப்பது அவள் புண்ணியத்தில்தான். யார் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் பூராவும் ஊர் லிஃப்டுகளில் ஏறி இறங்கிவிட்டு, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டிடத்தில் மூன்று மாடி படியேறுவது அவர் தலையெழுத்து. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுப்பார் என்று பார்த்தால், பெண்டாட்டி பின்னால் பை தூக்கிக்கொண்டு கடலோரத்துக்குப் போவார். கடல் உள்வாங்கியிருக்கும் நேரம் பார்த்து, மண்சரிவின் அடியில் கிடக்கும் உருண்டைக் கற்களைப் பொறுக்கிவருவார்கள். சிலவற்றுக்குள் கல்லாகிப்போன நண்டு இருக்கும். பலவற்றில் ஒன்றும் இருக்காது.

"ஒண்ணும் இல்லாததை ஏன் சுமந்துட்டு வர்றீங்க?" என்று ஒருநாள் படியில் மடக்கிக் கேட்டேன்.

"உடைச்சாத்தானே இல்லைன்னு தெரியும்," என்றார் அவர். அந்த வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

என் துணிக்கொடியில் கல்தூசு விழுகிறது என்று புகார் சொல்லத்தான் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். புகார் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் கீழே இறங்கத்தான் நேரமாயிற்று. பால்கனியில் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, பெரிய லென்சுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா மாதிரி ஒரு கருவி. காற்று அழுத்தத்தில் அதன் ஊசிமுனை வெடவெடவென்று நடுங்குகிறது. முனை பட்ட இடத்தில் சாம்பல் நிறக் கல் பொடியாகி உதிர, அடியிலிருந்து கறுப்பாக, பளபளவென்று நண்டின் முதுகு மேலே வருகிறது. வேர்க்கடலைக்கும் அதன் தோலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? ஓட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் அவ்வளவுதான். அவசரப்பட்டால் கல்லோடு ஓடும் பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்த துண்டை ஒட்டுவதற்கும் தனிப் பசை வைத்திருந்தாள். வேண்டாமென்றால் கரைத்து எடுத்துவிடலாம். எடுக்க வராத பசையைக் கையால்கூடத் தொட மாட்டாள்.

"இதோ பாருங்க அக்கா," என்று லென்சை என் பக்கம் தள்ளினாள்.

உள்ளங்கை அளவு நண்டு. வலது பக்கம் குறடு மாதிரி தடித்த கொடுக்கு. இடது பக்கம் அது இருக்க வேண்டிய இடத்தில் பாசிப்பயறு அளவுக்கு என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்லு கொஞ்சம் மிச்சம் இருக்கு போல."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஊதித் தள்ளியிருப்பேன். நல்லாப் பாருங்க, அதுக்கும் ரெண்டு விரல் இருக்கு."

இருந்தது. கண் வலிக்கப் பார்த்தால் இருந்தது. சண்டையிலோ வேறெதிலோ நண்டுக்குக் கொடுக்கு ஒடிந்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி சின்னதாக முளைக்குமாம். இது முளைத்துக்கொண்டிருக்கும்போதே சேற்றில் புதைந்து செத்துப்போயிருக்கிறது. அவள் சொன்னதுதான், நண்டைக் கேட்டா பார்க்க முடியும்?

"செத்த நண்டுக்கு நடக்கிற சீராட்டைப் பாரு," என்று ஹாலிலிருந்து அவள் மாமியார் குரல் கொடுத்தார். அந்த அம்மாளுக்குக் காது கேட்காது. தேவைப்பட்டது மட்டும் கேட்கும். "எனக்கு ஒரு பல்லு செஞ்சு குடுத்தா. போட்டா கன்னத்தைக் கடிக்குது. நண்டுக்குன்னா ராத்திரி பகல்னு இல்லை."

"கழட்டி டம்ளர்ல போட்டு வச்சா எப்படிப் பழகும் அத்தை?"

"டம்ளருக்குப் பழகிடுச்சே, போதாதா?"

அந்தச் சமயத்தில்தான் படச்சட்டக் கடைக்காரர் வந்தார். கல்நண்டு, கல்சங்கு என்று தேடி அலைகிறவர்கள் ஊரில் பத்து இருபது பேர் உண்டு, சங்கம் வைத்திருக்கிறார்கள், இவர் தலைவர். நாள் முழுக்கப் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் என்பதால் எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகக் காலண்டரை நேராக்கினார். வருஷத்துக்கு ஒருமுறை சங்கம் கண்காட்சி நடத்தும். அதில் நடு மேசைக்கு எந்த நண்டு போகிறதோ, அதுதான் நூலகத்து வாசல் கண்ணாடி அலமாரிக்குப் போகும். ஊர் போகிற வருகிற இடம்.

நண்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறை. "பிரமாதம்மா! முதுகுல ஒரு கீறல் இல்லையே. நடு மேசை உனக்குத்தான்." அப்புறம் கண் இடது பக்கம் போயிற்று. "இது என்ன, பரு மாதிரி?"

"கொடுக்கு சார். முளைச்சிட்டிருக்கு."

"அந்தப் பக்கம் அவ்வளவு பெரிசு, இந்தப் பக்கம் இத்துனூண்டு. பார்க்கிறவன் மூளின்னு சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"உதிரி டப்பால பார்த்து ஒண்ணு மாட்டிடேன்."

உதிரி டப்பா என்பது அந்தச் சங்கத்தில் எல்லோரும் அறிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். தேறாத நண்டுகளிலிருந்து கழன்ற கால், கொடுக்கு எல்லாம் அதற்குள் கிடக்கும். நல்ல நண்டில் எது குறைகிறதோ, அதை டப்பாவில் தேடி ஒட்டி, சாயம் தடவி 'முழு நண்டு' என்று அட்டை வைத்துவிடுவார்கள்.

"ஊருக்கே பல்லு கட்டறவ நீ. ஒரு கொடுக்கு கட்டறது உனக்குப் பெரிய காரியமா?"

"பல்லு இல்லாதவங்களுக்குத்தான் சார் கட்டறேன். முளைச்சிட்டிருக்கிற பல்லைப் பிடுங்கிட்டுக் கட்டறதில்லை."

"யாருக்குப் பல்லு முளைக்குது?" என்றார் மாமியார்.

"அந்தச் சின்னக் கொடுக்கை நாலு பேரு பார்க்கணும். அதுக்காகத்தான் தர்றேன். அதை மறைக்கிறதா இருந்தா இது என் வீட்டிலேயே இருக்கட்டும்," என்றாள் பல்செட்டுக்காரி.

"சரி, பார்க்கலாம்," என்றார் அவர். பெண் கேட்டு வந்தவர்கள் டிபனைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்வார்களே, அந்தப் 'பார்க்கலாம்'. எனக்கு அப்போதே பொறிதட்டியது. அவளுக்குத் தட்டவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் கணவர் பஞ்சில் பொதிந்த நண்டை மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் எனக்கு மண்டபத்துப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை. உள்ளே நல்ல கூட்டம். நடு மேசையில் தலைவர் தன் கையால் இஸ்திரி போட்ட வெள்ளைத்துணி. அதன்மேல் நம் வீட்டு நண்டு. வலது பக்கம் ஒரு கொடுக்கு, இடது பக்கம் ஒரு கொடுக்கு, கச்சிதமாக. முன்னால் 'முழு நண்டு' என்று அட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பல்செட்டுக்காரி மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள், பின்னால் கணவர். மேசைக்கு வந்தாள். பார்த்தாள். கையை விட்டாள்.

"எந்தப் பசை போட்டீங்க?"

"வாம்மா, வாம்மா. எல்லாரும் உன்னைத்தான் கேட்டுட்டு…"

"எந்தப் பசைன்னு கேட்டேன்."

"சூப்பர் க்ளூ. அசையாது. பயப்படாதே."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சின்னக் கொடுக்கின் மேலேயே பெரியதை வைத்து அழுத்தியிருக்கிறார். பிய்த்தால் சின்னதும் கூடவே வந்துவிடும். விட்டுவிட்டால் அது இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

அழுவாள் என்று நினைத்தேன்; கைக்குட்டைகூடத் தேடிவிட்டேன். அவள் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து நடு மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். தோள்பையிலிருந்து லென்ஸ், ஊசி, பஞ்சு, அசிட்டோன் பாட்டில் எல்லாம் வெளியே வந்தன. நாமெல்லாம் பையில் சீப்பு வைத்திருப்போம்.

"என்னம்மா பண்றே? கண்காட்சி நடந்துட்டிருக்கு!"

"நடக்கட்டும் சார். நான் குறுக்கே நிக்கலையே, உட்கார்ந்துதானே இருக்கேன்."

பஞ்சை அசிட்டோனில் நனைத்து ஒட்டின இடத்தைச் சுற்றி வைத்தாள். நகப்பூச்சு அழிக்கிற வாடை மண்டபம் முழுக்கப் பரவியது. காய்ந்த பஞ்சை எடுப்பாள், ஊசியால் பசையைச் சுரண்டுவாள், புதுப் பஞ்சு வைப்பாள். மற்ற மேசைகளில் இருந்த கூட்டமெல்லாம் இங்கே வந்துவிட்டது. தலைவர் நெருங்கி வந்தார். லிஃப்ட் மெக்கானிக் நடுவில் வந்து நின்றுகொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், பழுதான லிஃப்டின் கதவு மாதிரி.

"தம்பி, கொஞ்சம் நகருப்பா."

நகரவில்லை.

"நீங்க உட்காருங்க," என்று மாமியார் தலைவருக்கு நாற்காலி காட்டினார். "அவ ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டா. என் வாயிலேயே அரைநாள் அச்சு எடுத்தவ."

கடைசியில் பெரிய கொடுக்கு ஆடியது. மெல்லத் திருப்பினாள். கழன்றது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அவள் தட்டவிடவில்லை. லென்சை மாட்டிப் பார்த்தாள்; சின்னக் கொடுக்கின் அடிப்பாகம் நண்டில் இருக்கிறது. மேல்பாதி இல்லை. கழன்ற பெரிய கொடுக்கைத் திருப்பினாள். அந்த இரண்டு குட்டி விரல்களும் அதன் அடியில், பசைக்குள், கண்ணாடிக்குள் மாட்டின எறும்பு மாதிரி தெரிந்தன.

இந்தப் பக்கமிருந்து தோண்டினால் குட்டி விரல் நொறுங்கும். பெரிய கொடுக்கின் முதுகுப் பக்கமிருந்து அரைத்துக்கொண்டு வந்தால்தான் அதை முழுசாக மீட்கலாம். பையிலிருந்து பொய்ப்பல்லை ராவுகிற சின்ன மோட்டாரை எடுத்தாள்.

"ஐயோ, அதை அரைக்காதே!" தலைவர் குரல் உடைந்துவிட்டது. "அது டப்பாவோடது இல்லை. என் முதல் நண்டோட கொடுக்கு. வீட்டிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். உன் நண்டு அவ்வளவு நல்லா இருந்துச்சேன்னு…"

சொல்லத்தான் வேண்டும், எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஆள் கெட்டவரில்லை. கோணலாக ஒன்று இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

பல்செட்டுக்காரியும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நல்ல மனசோடதான் ஒட்டியிருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல சார்?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா," என்றாள். மோட்டாரைப் போட்டாள்.

அவருடைய முதல் நண்டின் கொடுக்கு வெள்ளைத்துணியில் கறுப்புப் பொடியாக விழுந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பொடி அடங்கியபோது அவள் ஊசிமுனையில் குட்டி விரல்கள் இருந்தன. ஒன்றின் நுனி போயிருந்தது. போனதைச் சரிசெய்ய அவள் முயலவில்லை. தன் பசையால் அடிப்பாகத்தில் பொருத்தினாள். விரிசல் கோடு நன்றாகவே தெரிந்தது. சாயம் பூசி மறைக்கவும் இல்லை.

"இதை நான் நடு மேசையில வைக்க முடியாது," என்றார் தலைவர், சுவரைப் பார்த்தபடியே. "நூலகத்துக்கும் அனுப்ப முடியாது. எடுத்துடு."

"எடுக்க மாட்டேன். பூட்டுற நேரம் வரைக்கும் இங்கதான் இருக்கும். பக்கத்துல நானும் இருப்பேன்."

அட்டையை எடுத்து 'முழு நண்டு' என்பதற்குக் கீழே மார்க்கரால் எழுதினாள்: 'இடது கொடுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது.'

தலைவர் வந்து அட்டையைக் கிழித்தார். அவள் வேறொரு அட்டையில் எழுதினாள். அதையும் கிழித்தார். பக்கத்து மேசையின் அட்டையை எடுத்து, பின்பக்கம் எழுதினாள். அதுவும் போயிற்று. மெக்கானிக் தன் சட்டைப்பையைத் துழாவி லிஃப்ட் கம்பெனியின் விசிட்டிங் கார்டு ஒன்றை நீட்டினார். அதில் இடம் போதவில்லை.

அவள் மார்க்கரின் மூடியை மறுபடி திறந்தாள். அவர் இஸ்திரி போட்ட அந்த வெள்ளைத்துணியிலேயே, நண்டுக்கு முன்னால், கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் நின்றவர்கள் சத்தமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள். தலைவர் துணியின் விளிம்பைப் பிடித்தார். இழுத்தால் நண்டு கீழே விழுந்துவிடும். பிடித்தபடியே நின்றார்.

"கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க சார்," என்றாள் அவள், தலை நிமிராமல். "எழுத்து கோணலா வருது."